போனில் சொல்லப்பட்டது

மாலை வகுப்பில் நான் எப்போதும் இரண்டாவது வரிசையில் உட்காருவேன். முதல் வரிசை என்றால் கேள்வி கேட்பார்கள், மூன்றாவது வரிசையிலிருந்து திரை சரியாகத் தெரியாது. எதையும் இப்படி யோசித்துத்தான் செய்வேன். செய்த பிறகு, சரியாகத்தான் செய்தேனா என்று இன்னொரு முறை யோசிப்பேன். அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தேன். வகுப்பில் படித்தது, அலுவலகத்தில் செய்தது எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நேரம் போட்டு எழுதிவிடுவேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் போலீஸ் நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து விசாரித்தபோது அந்த நோட்டு என் பைக்குள்தான் இருந்தது.

நீங்கள் என்னிடம் பதினோரு கேள்விகள் கேட்டீர்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்கும் உண்மையான பதிலையே சொன்னேன். பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். அந்தப் பன்னிரண்டாவது கேள்விக்கான பதில்தான் இது.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. படுக்கையில் இருப்பவர்கள், துணையில்லாத வயதானவர்கள் என்று முப்பத்தெட்டு வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் கணினியில் ஒரு கோப்பு. எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்பிலிருந்து திங்கட்கிழமை காலை ஒரு சீட்டு அச்சடித்துப் பராமரிப்பாளர் கையில் கொடுப்பேன். நடுவில் ஏதாவது மாறினால் பழையதைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு அச்சடிப்பேன், போனில் படித்துக் காட்டுவேன், அலுவலகப் பிரதியின் ஓரத்தில் நேரத்தை எழுதி, "போனில் சொல்லப்பட்டது" என்று எழுதுவேன். எங்களுக்கு அதுதான் அத்தாட்சி. சனிக்கிழமை மாலை எல்லாச் சீட்டுகளையும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் நோய் குப்பையில் பறக்கக் கூடாது என்று இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.

கோப்புகளைப் பூட்டலாம் என்று சொன்னவனும் நான்தான். வகுப்பில் அந்த மாதம் அதைத்தான் நடத்தினார்கள். கருப்புத் திரையில் கட்டளை அடித்துக் கோப்புகளைப் பூட்டுவது. பொதுச் சாவி பூட்டும், தனிச் சாவி திறக்கும், தனிச் சாவிக்கு ஒரு கடவுச்சொல் காவல். சார் சொல்வார்: "பூட்டு ஒரு விஷயமே இல்ல. சாவி எங்கன்றதுதான் விஷயம். வீட்டுல பாதிச் சண்டை அதுக்குத்தான் நடக்குது." எல்லோரும் சிரிப்பார்கள். நான் அதையும் எழுதிக்கொள்வேன்.

மேடத்திடம் கேட்டேன்.

"நீ சாயங்காலம் படிக்கிறதையெல்லாம் என் ஆபீஸ்லதான் ஒத்திகை பாக்கணுமா?" என்றார்.

"யாராவது கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போனா, முப்பத்தெட்டு வீட்டு விஷயமும் வெளிய போயிடும் மேடம்."

"இதத் தூக்கிட்டுப் போறவன் அந்த மானிட்டரப் பாத்து அழுதுட்டுத் திருப்பிக் குடுத்துட்டுப் போவான். சரி, என்னவோ பண்ணு. ஆனா என் தலையில கட்டாத."

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் போன பிறகு செய்தேன். கட்டளைகளைக் கையால் அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு புள்ளி மாறினாலும் வேறு வேலை நடந்துவிடும். முன்பே தட்டச்சு செய்து சரிபார்த்து வைத்ததைப் பிரதியெடுத்து ஒட்டுவேன். கடவுச்சொல் மட்டும்தான் கையால் அடிக்க வேண்டியிருந்தது. அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது, புள்ளிகள்தான் ஓடும். உங்கள் வாழ்க்கையில் நடந்த, வேறு யாரும் ஊகிக்க முடியாத ஒரு வாக்கியமாக இருக்கட்டும் என்று சார் சொல்லியிருந்தார். நான் நான்கு சொல் எடுத்துக்கொண்டேன்: பிளாஸ்க் அக்கா குடை தந்தார். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

பிளாஸ்க் அக்கா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பிளாஸ்க்கை நீங்கள் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதில் டீ இருக்கும், யாருக்கும் ஒரு வாய் ஊற்றிக் கொடுக்காமல் விடமாட்டார். ஒருநாள் வகுப்புக்குக் கிளம்பும்போது மழை. தன் குடையை என் கையில் திணித்துவிட்டு, "எனக்கென்ன, நான் கரைஞ்சிடவா போறேன்? உன் நோட்டு நனைஞ்சா எழுத்தெல்லாம் போயிடும்" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவருக்கு அது நினைவிருக்காது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பூட்டினேன். பூட்டியதைத் திறந்து பார்க்காமல் மூலத்தை அழிக்கக் கூடாது என்பது விதி. இரண்டு முறை திறந்து பார்த்தேன். இரண்டு முறையும் திறந்தது. நோட்டில் அப்படித்தான் இருந்தது: "திறந்தது, 4.10. மறுபடி திறந்தது, 4.14." அதன் பிறகே மூலக் கோப்புகளையும், பென் டிரைவில் இருந்த பழைய பிரதியையும், மீட்க முடியாதபடி அழித்தேன். அந்த வாரச் சீட்டுகளையும் கிழித்தேன். நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கணினியைப் போட்டேன். கடவுச்சொல் தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு. ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். மொத்தம் முப்பத்தொரு முறை. புள்ளிகள் ஓடி வரும், நிற்கும், தவறு என்று ஒரு வரி வரும். அந்த வரியில் கோபம் இல்லை, காரணமும் இல்லை. கெஞ்சக்கூட அங்கே யாரும் இல்லை.

மேடம் வந்ததும் சொல்லிவிடுவது என்று வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் போனில் யாரிடமோ, "நம்ம கிட்ட எல்லாமே பூட்டித்தான் இருக்கு, நீங்க கவலையே படாதீங்க" என்று பேசிக்கொண்டே படியேறி வந்தார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"டீ சொல்லட்டுமா மேடம்?" என்றேன்.

எனக்கு இப்படி ஒரு குறை உண்டு. சொல்ல நினைத்ததற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் வேறொன்று வாயில் வந்துவிடும். வந்த பிறகு முதலாவதைச் சொல்ல இடமே இருக்காது.

சீட்டுகளை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். பராமரிப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீட்டுகளைச் சரிபார்க்கிறேன், நீங்கள் போகிற வீட்டு விவரத்தைச் சொல்லுங்கள் என்றேன். மனப்பாடமாகச் சொன்னார்கள். முப்பத்தேழு வீடு சரியாக வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எந்தப் பரீட்சையிலும் அது நல்ல மதிப்பெண்தான்.

மீதி ஒன்று கடிகாரக்காரர் வீடு. கடிகாரம் பழுது பார்த்தவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் போனவர். அவர் வீட்டுக்கு வழக்கமாகப் போகிற அம்மா தன் மகளின் பிரசவத்துக்காக அன்றிலிருந்து விடுப்பு. போனை அணைத்து வைத்திருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் பிளாஸ்க் அக்கா. கடிகாரக்காரரின் மகள் வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அவரைக் கூப்பிட்டிருக்கலாம். மூன்று மாதம் பணம் கட்டிய பிறகு, உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்று எப்படிக் கேட்பது?

நினைவில் இருந்ததை எழுதினேன். காலை மாத்திரை இரண்டு. இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேச வேண்டும். ரேடியோ போட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் சுவர்க் கடிகாரத்துக்கு அவரே சாவி கொடுப்பார், நாற்காலியை நகர்த்தி அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஏதோ ஒரு பவுடர் உண்டு என்பதும் நினைவிருந்தது. "பவுடர், கேட்டால் மட்டும்" என்று எழுதினேன்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"தம்பி, சமையலறையில ஒரு வெள்ளை டின்னு இருக்கு, மேல ஒண்ணும் எழுதல. இதான் அந்தப் பவுடரா? எதுக்கு இது?"

"சத்து மாவுன்னு நினைக்கிறேன் அக்கா. கேட்டா குடுங்க."

"அவரு கேக்குறது டீதான். என் பிளாஸ்க்க விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்குறாரு. பாவம், ரெண்டு வாய் குடுத்தேன். ஒரே இருமல்."

"குளிர் அக்கா, எல்லாருக்கும் இருக்கு."

செவ்வாய்க்கிழமையும் இருமல் என்றார். நான் அதையும் நோட்டில் குறித்தேன்.

புதன்கிழமை வகுப்பில், பார்சல் கொடுக்கிற வேலை செய்யும் ஒருவருக்குக் கணினி திறக்கவில்லை. அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். சார் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூலையில பாருங்க, 'த' நிக்குது. கீபோர்டு தமிழ்ல இருக்கு. நீங்க இங்கிலீஷ்ல பேசுறீங்க, அது தமிழ்ல கேக்குது. அது மேல என்ன தப்பு சொல்லுங்க?"

எனக்கு அப்போதே புரிந்தது. சனிக்கிழமை பூட்டுவதற்கு முன்பு வீட்டுக்காரர்கள் பெயர்களைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை. கட்டளைகளை ஒட்டியதால் அது தெரியவும் இல்லை. விரல் ஆங்கிலத்தில் அடித்தது, உள்ளே போனது தமிழ் எழுத்து. சோதித்துப் பார்த்தபோதும் விசைப்பலகை தமிழிலேயே இருந்ததால் இரண்டு முறையும் திறந்தது. திங்கட்கிழமை கணினியைப் புதிதாகப் போட்டதும் அது ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்குத்தான் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன். வீட்டில் அண்ணிகூட, "என்ன, முகத்துல இப்பதான் உயிர் வந்திருக்கு" என்றார்.

வியாழக்கிழமை கோப்பு திறந்தது. முப்பத்தெட்டும் அப்படியே இருந்தன. கடிகாரக்காரரின் கோப்பில் நான்காவது வரி, நானே சிவப்பில் எழுதியது: "விழுங்குவதில் சிரமம். தண்ணீர், டீ உட்பட எந்தத் திரவமானாலும் வெள்ளை டின்னில் உள்ள பவுடரைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெறுமனே கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்."

அதே வியாழக்கிழமை எட்டு நாற்பதுக்கு அக்கா பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை டீ ஊற்றி, ஆறவைத்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார். அக்கா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள். கோப்பில் அந்த வரி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக என்றேன். சீட்டில் இருந்ததா என்றீர்கள். வியாழக்கிழமைச் சீட்டின் அலுவலகப் பிரதியை எடுத்துக் காட்டினேன். அந்த வரி அதில் இருந்தது. கீழே அச்சான நேரம் 7.52. அவர் இறப்பதற்கு முன்னால் அச்சானதுதான், பிறகு ஜோடித்தது அல்ல. வாரத்தின் நடுவில் எதற்குப் புதுச் சீட்டு என்றீர்கள். இருமுகிறார் என்று அக்கா சொல்லியிருந்தார், கோப்பைப் பார்த்து மறுபடி அச்சடித்தேன் என்றேன். திங்கட்கிழமைச் சீட்டு எங்கே என்றீர்கள். புதுச் சீட்டு வந்தால் பழையதைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம் என்றேன். போன் செய்தாயா என்றீர்கள். செய்தேன், 7.55. போன் நிறுவனத்தின் பட்டியலில் பார்த்தீர்கள்: 7.55, ஒரு நிமிடம் பத்து விநாடி. சீட்டின் ஓரத்தில் என் கையெழுத்து: "7.55. போனில் சொல்லப்பட்டது."

அக்கா அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பிளாஸ்க் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கடிகாரக்காரரின் மகள் அவரைப் பார்த்து, "ஒரு வரி படிக்க முடியலையா உங்களுக்கு? ஒரு வரி!" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீயே சொல்லுப்பா. பேர்ல ஏதோ எழுத்து தப்புன்னுதானே சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். நான் சொல்ல நினைத்தேன்.

"நேரம் எழுதி வச்சிருக்கேன் அக்கா," என்றேன்.

அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகுதான் நீங்கள் பேனாவை மூடினீர்கள். போனில் என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்கவே இல்லை. ஓரத்தில் எழுதியிருந்ததால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை கோப்பு திறந்தது காலை ஏழு நாற்பதுக்கு. அந்தச் சிவப்பு வரியைப் படித்தபோது அவர் உயிரோடு இருந்தார். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. சாவி மாறினால் முதலில் பழையதைச் செல்லாததாக்க வேண்டும், பிறகுதான் புதியதைத் தர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஊரில் உலவும். நான் சீட்டை அச்சடித்தேன். கூப்பிட்டேன்.

"சொல்லு தம்பி. காலங்காத்தாலேயே ஆபீஸா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அக்கா."

"குரலே சரியில்லையே."

"ஒண்ணுமில்ல. அந்தக் கடிகாரக்காரர் சீட்டு..."

"பையிலதான் இருக்கு. ஏன்?"

"அதுல ஒரு தப்பு இருக்கு. அதக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"என்ன தப்பு?"

சிவப்பு வரி என் கண் முன்னால் இருந்தது. அதை அப்படியே வாசித்தால் போதும். ஆனால் வாசித்தால் அக்கா அடுத்து ஒன்று கேட்பார்: அப்ப மூணு நாளா நான் குடுத்தது? முப்பத்தொரு முறை தவறு என்று சொன்ன அந்தத் திரையைப் போலவே என் வாயும் ஆகிவிட்டது.

"பேர்ல ஒரு எழுத்து அக்கா. புதுசு சாயங்காலம் தரேன்."

"ஒரு எழுத்துக்கா இந்த நேரத்துல போனு? நீயெல்லாம் தேற மாட்ட, போ." சிரித்தார். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. "இந்தா, கிழிச்சாச்சு. இவரு ஒருபக்கம் டீ டீன்னு உயிர எடுக்குறாரு. வச்சிடட்டுமா?"

"வைங்க அக்கா," என்றேன்.

போனை வைப்பதைத்தான் சொன்னேன். பிறகு சீட்டின் ஓரத்தில் எழுதினேன். பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. போன் செய்தால் அப்படி எழுதுவது வழக்கம். எழுதிவிட்டு, மறுபடி கூப்பிட வேண்டும் என்று ரிசீவரில் கை வைத்தேன். எழுதியது எழுதியபடி இருக்கும்போது மறுபடி ஏன் கூப்பிடுகிறாய் என்று தோன்றியது. ஒன்பது மணி வரை அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. ஒன்பது மணிக்கு அந்த போனே அடித்தது.

நீங்கள் போன பிறகு அக்கா மாடிப்படியில் காத்திருந்தார். வழக்கு போடப்போகிறார்களாம். இனி எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாது என்று மேடம் சொல்லிவிட்டாராம். அவர் மகளின் நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுவியே தம்பி. அன்னிக்கு என்ன சொன்னன்னு ஒருதடவ பாத்துச் சொல்லேன். நானே சரியாக் கேக்கலையோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"பாக்குறேன் அக்கா," என்றேன்.

பார்த்தேன். அன்று நோட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் மேலே தட்டச்சு செய்திருக்கிறேன். அதனால் நோட்டு பழைய பிரதி ஆகிவிட்டது. பழையதைக் கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு இதை அனுப்ப வேண்டும் என்றால் உங்கள் பொதுச் சாவியால் பூட்ட வேண்டும். அது என்னிடம் இல்லை. இவ்வளவு முக்கியமான ஒன்றைப் பூட்டாமல் வைப்பதும் முறை அல்ல. ஆகவே இப்போதைக்கு என் சாவியாலேயே பூட்டி, அலுவலகக் கணினியில் எல்லோருடைய கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கிறேன். சாவிக்கு அதே நான்கு சொல்லைப் புதிதாக அடித்து வைத்தேன்; இந்த முறை விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று மூலையைப் பார்த்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். திறப்பதற்கான நான்கு சொல்லையும் ஒன்றுவிடாமல் இதற்குள்ளேயே எழுதியிருக்கிறேன். நான் எதையும் மறைக்கவில்லை.